மசாய் மாராவுக்கு முன்னாடி மேலூர் பஸ் ஏறு

நேத்து ராத்திரி நீ அனுப்பின வீடியோவை மூணு தடவை பார்த்தேன்டி. கூடாரத்துக்கு வெளியில யானை நிக்குது, உள்ள ஒருத்தி கால் மேல கால் போட்டுக் காபி குடிச்சுக்கிட்டு இருக்கா. கீழ நீ, "அக்கா, வாழ்க்கையில ஒரு தடவையாவது இப்படிப் போகணும்"னு எழுதியிருக்க. போ, யாரு வேண்டாங்கிறா? மசாய் மாரா 1,510 சதுர கிலோமீட்டர். ஜூலையிலிருந்து அக்டோபர் வரைக்கும் அந்தத் தாடி வச்ச வில்டபீஸ்ட் கூட்டம் லட்சக்கணக்குல ஆத்தைத் தாண்டும். பயண அனுமதி, விமான டிக்கெட், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி எல்லாம் முடிச்சு ஒரு நாள் நீ போய்ச் சேரத்தான் போற.

ஆனா ஒரு விஷயம் கேளு. காட்டு உயிர் பார்க்கிறது கண்ணால செய்ற வேலைன்னு நினைச்சுக்கிட்டு இருக்க. அது பாதி உக்கார்ற வேலை. ஒரு இடத்துல இருபது நிமிஷம் வாயை மூடிக்கிட்டு உக்காரத் தெரியாதவங்க கென்யாவுக்குப் போனாலும் வண்டியோட பின்சீட்டைத்தான் பார்த்துட்டு வருவாங்க. உன் ரெண்டு வாலுங்களையும் வச்சுக்கிட்டு அந்தப் பழக்கத்தை இங்கன மேலூர்ல, பஸ் காசுல கத்துக்கலாம். பொங்கல் லீவுக்கு வரும்போது ஒரு நாள் ஒதுக்கு. காலையில அரிட்டாபட்டி, சாயங்காலம் வேட்டங்குடி, ராத்திரி என் மாமியார் வீட்டு மொட்டை மாடி. அதுக்குத்தான் இந்த நீளமான கடிதம். வாட்ஸ்அப்புல அனுப்பினா நீ பாதிதான் படிப்ப.

முதல்ல என் கதையைச் சொல்லிடுறேன். கல்யாணம் ஆன புதுசுல ஒரு ஞாயித்துக்கிழமை, காலையில பத்து மணிக்கு மேல, மாம்பழக் கலர் சேலை கட்டிக்கிட்டு, கை நிறைய சிப்ஸ் பாக்கெட்டோட கம்மாய்க்குப் போனோம். மொத்தம் ஏழு பேர். கரையில அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தோம். பார்த்தது ஒரு காக்கா, மூணு வெள்ளாடு. ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த ஒரு பெரியம்மா சிரிச்சுட்டு, "என்னத்த தாயி தேடுறீக? உக்காருங்க. அதுக தன் வேலையப் பாக்க வரும்"னு சொன்னாங்க. எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பின பிறகு நான் மட்டும் அவங்க பக்கத்துல உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல, தலைக்கு மேல கத்திக்கிட்டே இருந்த ஆள்காட்டி அடங்கிருச்சு. ஒரு கீரி, பின்னாடி ரெண்டு குட்டி, என் செருப்புக்கு அஞ்சடி தள்ளி வரப்பைத் தாண்டிப் போச்சு. நான் மூச்சுகூட விடல. அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கல, அவங்களுக்கு அது தினப்படி.

ஆள்காட்டிக்கு அந்தப் பேரு சும்மா வைக்கல. நீ வந்திருக்கன்னு ஊருக்கே தண்டோரா போடும். அது கத்துற வரைக்கும் முயலும் கீரியும் வெளிய வராது. அது வாயை மூடிருச்சுன்னா உன்னை ஒரு கல்லா ஏத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். அன்னைக்கிலிருந்து எனக்குக் கைக்கடிகாரமே அதுதான்.

எப்ப வரணும், என்ன போட்டுக்கணும்

வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு கம்மாய் நிறைஞ்சிருக்கிற டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிதான் நம்ம பக்கத்துக்குச் சீசன். மழை பொய்ச்ச வருஷம்னா பேசாம வீட்டுல இரு. வறண்ட கம்மாய்க்குப் பறவை வராது, வந்தாலும் தங்காது. கிளம்புறதுக்கு முந்தின வாரம் எனக்கு ஒரு போன் போடு, தண்ணி கெடக்கான்னு பார்த்துச் சொல்றேன்.

வெள்ளன எந்திரிக்கணும். ஜனவரியில சூரியன் ஆறரைக்கு மேலதான் தலை காட்டும். அதுக்கு முன்னாடி நாம இடத்துல உக்காந்திருக்கணும். முதல் ரெண்டு மணி நேரம்தான் காசு. ஒன்பதுக்கு மேல வெயில் ஏறிருச்சுன்னா எல்லாம் நிழலுக்குள்ள போயிரும், நீயும் போயிரு. திரும்ப நாலு மணிக்கு மேல ஆட்டம் ஆரம்பிக்கும். நடுவுல இருக்கிற ஏழு மணி நேரத்தைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் வச்சுக்க. ஆப்பிரிக்காவுலயும் இதே கணக்குதான், மத்தியானம் சிங்கமும் தூங்கும், அதைப் பார்க்கப் போனவங்களும் தூங்குவாங்க.

துணி பத்தி: பறவைக்கு நம்மளவிட நிறம் நல்லாத் தெரியும். பழைய காக்கி, பாசிப்பச்சை, மண் கலர்ல பருத்தி சுடிதார் போதும். துப்பட்டாவைத் தலையில சுத்திக்கிட்டா பனிக்கும் ஆச்சு, வெயிலுக்கும் ஆச்சு. வெள்ளை வேண்டாம், அது தூரத்துலேயே பளிச்சுன்னு அடிக்கும். கொலுசு, கண்ணாடி வளையலை என் பீரோவுல கழட்டி வச்சுட்டு வா. ஓடுற முயலுக்கு உன் கொலுசு அலாரம்.

அப்புறம் மல்லிகைப்பூ. மதுரைக்காரிகிட்ட இதைச் சொல்ல எனக்கே வாய் வரல. ஆனா அன்னைக்கு ஒரு நாள் பூ வேண்டாம், சென்ட் வேண்டாம். நாலு கால் பிராணிக்கு மூக்குதான் கண்ணு. அதைவிட முக்கியம், மலைப்பாறை விளிம்புல மலைத்தேனீ கூடு கட்டியிருக்கலாம். வாசனையும் புகையும் அதுகளுக்கு ஆகாது. கூட்டைப் பார்த்தா சத்தம் போடாம வந்த வழியே திரும்பணும். கல் எறியற வயசுல உனக்கொரு பையன் இருக்கான், அவன் கையைப் பிடிச்சுக்க.

காலுக்கு மூடின ஷூ. இதுல பேரம் கிடையாது. கம்மாய்க்கரை முழுக்கச் சீமைக்கருவேல முள், ரப்பர் செருப்பைத் துளைச்சுக்கிட்டு நேரா பாதத்துக்கு வந்துரும். நான் அப்படி ஒரு முள்ளு ஏறி ஒரு வாரம் நொண்டியிருக்கேன்.

பைனாகுலர் ஒண்ணு வாங்கு, நல்லதா ஒண்ணே ஒண்ணு. பெட்டியில 8, 42னு ரெண்டு எண் போட்டிருக்கிறதை எடு. முதல் எண் எத்தனை மடங்கு பக்கத்துல காட்டும்னு, ரெண்டாவது முன்கண்ணாடியோட அகலம் மில்லிமீட்டர்ல. கடைக்காரர் 20 மடங்கு, 30 மடங்குன்னு ஆசை காட்டுவார். வாங்கிடாத, கை நடுக்கத்தையும் அதே மடங்கு பெருசாக்கும். பார்க்கிற விதம் ஒண்ணு இருக்கு. பைனாகுலரை வச்சுக்கிட்டுப் பறவையைத் தேடக்கூடாது. வெறுங்கண்ணால பறவையைப் பிடி, பார்வையை எடுக்காம பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வா. கண்ணாடி போட்டவங்க ரப்பர் வளையத்தை மடக்கி விட்டுக்கணும். பிள்ளைங்க கையில குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்க: சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

வெளிய சொல்லாத ஒரு விஷயம்

டூர் எழுதுறவங்க யாரும் இதை எழுத மாட்டாங்க. மேலூரை விட்டுட்டா நமக்கு நல்ல கழிப்பறை கிடைக்கிறது கஷ்டம். அதுக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருந்து, மத்தியானம் தலைவலியோட சுருண்டு படுத்த பொம்பளைங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன், அதுல ஒருத்தி நானே. தண்ணியைக் குறைக்காத. மேலூர்ல இறங்கினதும் ஒரு தடவை முடிச்சுக்க. கிராமத்துல எந்த வீட்டு அக்காகிட்டயாவது கேளு, இல்லன்னு சொல்ல மாட்டாங்க. போயிட்டு வர்றப்ப அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை நின்னு பேசிட்டு வா. தேதி நெருங்குற நாளா இருந்தா ஒரு மாத்துத் துணி, நாப்கின், பழைய பேப்பர், மூடிபோட்ட டப்பா எடுத்துக்க. எதையும் கரையிலயோ புதர்லயோ போட்டுட்டு வரக்கூடாது, டப்பாவுல போட்டு வீட்டுக்குக் கொண்டு வரணும்.

சாப்பாட்டுக்கு இட்லியில பொடி தடவி வாழை இலையில கட்டிருவேன். மத்தியானத்துக்குப் புளியோதரை. சிப்ஸ் பாக்கெட் வேண்டவே வேண்டாம், அந்தச் சரசரப்பு அரை கிலோமீட்டருக்குக் கேட்கிற மாதிரி இருக்கும்.

காலையில: அரிட்டாபட்டி

மாட்டுத்தாவணியில பஸ் ஏறினா மேலூர். அங்கிருந்து ஆட்டோ பேசிக்கலாம். மதுரையிலிருந்து மொத்தமே சுமார் 25 கிலோமீட்டர்தான். போற வழியில ரெண்டு பக்கமும் இருக்கிற வயலைப் பிள்ளைங்களுக்குக் காட்டு. அது பெரியாறு பாசனம். தேக்கடியில படகுல போய் யானை பார்க்கிறோமே, அந்த ஏரியே 1895-ல் பெரியாறு அணை கட்டினதால வந்ததுதான். அந்தத் தண்ணி மலைக்குள்ள குடைஞ்ச சுரங்கம் வழியா இறங்கி, வைகை வழியா மேலூர் வாய்க்காலுக்கு வருது. அங்க யானை குடிச்ச மிச்சத்துலதான் இங்க நெல்லு வெளையுது. சின்னவன் இதைக் கேட்டான்னா சோத்தை மிச்சம் வைக்க மாட்டான்.

அரிட்டாபட்டி சாதாரண ஊர் இல்ல. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டு அரசு அரிட்டாபட்டியையும் பக்கத்துல மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேருக்குப் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சது. தமிழ்நாட்டுலேயே அதுதான் முதல். ஏழு குன்று, சங்கிலி மாதிரி கோத்த கம்மாய், ஊத்து, சுனை. சுமார் 250 வகைப் பறவை பதிவாகியிருக்கு. அலங்கு இருக்கு, தேவாங்கு இருக்கு, மலைப்பாம்பு இருக்கு. எல்லாத்தையும் ஒரே காலையில பார்த்துடலாம்னு வராத. அலங்கையும் தேவாங்கையும் அந்த ஊர்க்காரங்களே வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தா பெருசு, ரெண்டும் ராத்திரிப் பிராணி.

நீ தேட வேண்டியது பாறைக்கு மேல. கழிஞ்சமலைக்கு எதிர்த்தாப்புல, பாறை முழுசாத் தெரியற மாதிரி, வெயிலுக்கு முதுகைக் காட்டி உக்காரு. வெளிச்சம் பாறையில விழட்டும், உன் கண்ணுல விழ வேண்டாம். முதல்ல மயில் அகவும், அதை விட்டுரு, மயில் உனக்கு வழி முழுக்க வரும். பாறையில புறா இருக்கான்னு பாரு. கூட்டமா உக்காந்திருந்த புறா ஒண்ணாச் சிதறுச்சுன்னா உடனே வானத்தைப் பாரு, எவனோ வந்திருக்கான். ராசாளிப் பருந்தா இருக்கலாம். ஷாஹீன் வல்லூறா இருக்கலாம், அது ரெக்கையை மடக்கிட்டு இறங்கினா மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல வேகம். நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன். பார்த்தேன்னு சொல்றதுகூடத் தப்பு. கறுப்பா ஒரு கல்லு விழுந்த மாதிரி இருந்துச்சு, அப்புறம் காத்துல நாலு இறகு சுத்திக்கிட்டே கீழ இறங்குச்சு. அவ்வளவுதான். லகுடு வல்லூறும் இங்க உண்டு, ஆனா அதைப் பார்த்துட்டேன்னு நீ சொன்னா முதல்ல போட்டோ கேட்பேன்.

பாறையிடுக்குல கூடு இருக்குன்னு யாராவது சொன்னா அது பக்கம் ஏறிப் போகாத. இந்தக் குளிர்மாசம்தான் அதுகளுக்கு முட்டைக் காலம். தாய் பயந்து எந்திரிச்சுப் போயிருச்சுன்னா வெயில்லயே முட்டை கெட்டுரும், காக்கா வேற காத்துக்கிட்டு இருக்கும். ஒரு போட்டோவுக்கு ஒரு வருஷக் குஞ்சு போயிரும். செல்போன்ல பறவைச் சத்தத்தைப் போட்டு வரவழைக்கிறவங்க இருக்காங்க, உன் வீட்டுக்காரர் கேமரா கையில எடுத்தா அந்த யோசனை வரும், நீ தடுத்துரு. ட்ரோனும் கூடாது.

வெயில் ஏறினதும் மலையடிவாரத்துல பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், லகுலீசர் சிற்பம், மேல சமணர் படுக்கை, தீர்த்தங்கரர் சிலை, 2,000 வருஷத்துக்கு முந்தின தமிழ்பிராமிக் கல்வெட்டு. பார்த்துக்க. கல்லுல கை வைக்காத, சாக்பீஸ் தடவிப் படிக்க முயற்சி பண்ணாத. கோயில்ல செருப்பைக் கழட்டணும், ஷூவா இருக்கிறதால மாட்டக் கொஞ்ச நேரம் ஆகும். மாட்டுறதுக்கு முன்னாடி தலைகீழாத் தட்டிட்டு மாட்டு. தேள் ஒண்ணு உள்ள குடியேற அஞ்சு நிமிஷம் போதும்.

ஊருக்குள்ள போறப்போ ஒரு மரியாதை இருக்கு. சாவடியில பெரியவங்க உக்காந்திருந்தா நின்னு, "ஐயா, பறவை பார்க்க வந்தோம், மலைப்பக்கம் போகலாமா?"ன்னு கேட்டுட்டுப் போ. இந்த மலை அவங்களாலதான் இன்னும் மலையா நிக்குது. 2024 கடைசியில இந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது தெரிஞ்சதும் ஊரே ரோட்டுக்கு வந்துச்சு, சட்டமன்றத்துல தீர்மானம் போட்டாங்க, 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. அந்த மார்கழிக் குளிர்ல என் மாமியாரும் ஒரு நாள் போய் உக்காந்துட்டு வந்தாங்க. "எங்க மலையப் பாக்க நீ எதுக்குடி சீமைக்குப் போற?"ன்னு உன்னைக் கேட்பாங்க, பதில் யோசிச்சு வச்சுக்க.

சாயங்காலம்: வேட்டங்குடி

மேலூர்லேர்ந்து திருப்பத்தூர் ரோட்டைப் பிடிச்சா கீழவளவு தாண்டி சிவகங்கை மாவட்டம். வழியில கிரானைட்டுக்காகச் சதுரம் சதுரமா வெட்டி எடுத்த குன்றுகள் தெரியும். காலையில முழு மலையைப் பார்த்துட்டு வந்த கண்ணுக்கு அது ஒரு மாதிரி இருக்கும். மதுரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்ல கொள்ளுக்குடிப்பட்டி. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி, மூணு கம்மாயும் சேர்ந்ததுதான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977-ல் சரணாலயம் ஆச்சு, பரப்பளவு 38.4 ஹெக்டேர். மசாய் மாராவுக்குள்ள இதை 3,900 தடவைக்கு மேல மடிச்சு வைக்கலாம்.

ஆனா இந்த ஊர் செய்ற வேலை சாதாரணமானது இல்ல. இங்க தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதில்ல. தலைமுறை தலைமுறையா இல்ல. பறவை பயந்து கூட்டை விட்டுப் போயிருமேன்னு பிள்ளைங்ககூட மத்தாப்போட நிறுத்திக்குது. அதுக்கு நன்றியா வனத்துறைக்காரங்க தீபாவளிக்கு இனிப்பு கொண்டு வந்து குடுப்பாங்க. ஊர்க்காரங்களுக்கும் லாபம் இருக்கு. மரத்துலேர்ந்து விழற எச்சம் கலந்த கம்மாய்த் தண்ணி வயலுக்கு நல்ல உரம். பாசமும் இருக்கு, கணக்கும் இருக்கு.

நாலு மணிக்குக் கரையில உக்காந்துரு. இங்க ஓட வேண்டியதே இல்ல. தண்ணிக்குள்ள நிக்கிற கருவேல மரம் ஒவ்வொண்ணும் ஒரு அப்பார்ட்மென்ட். கொக்கு, நீர்க்காகம், கரண்டிவாயன், சாம்பல் நாரை, எல்லாத்துக்கும் மேல நத்தைகுத்தி நாரை.

நத்தைகுத்தியை மட்டும் அரை மணி நேரம் பாரு, வேற எதையும் பார்க்க வேண்டாம். வாயை முழுசா மூடினாலும் அலகு நடுவுல ஒரு இடைவெளி தெரியும், பாக்கு வெட்டி சரியா மூடாத மாதிரி. குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். தண்ணிக்குள்ள அலகை விட்டுத் துழாவும், நத்தை கிடைச்சதும் அசைவு மாறும். தலை தண்ணிக்குள்ளயே இருக்கும், கழுத்து மட்டும் சின்னச் சின்னதாத் துடிக்கும். ஓட்டை மேலலகால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, கீழலகு நுனியை மூடிக்குள்ள விட்டு, சதை ஓட்டோட ஒட்டியிருக்கிற இடத்தை அறுக்கும். ஒரு நொடியில வெள்ளையா உருண்டையா உருவி எடுத்து விழுங்கிரும். குத்தவே இல்ல பாரு, பேரு மட்டும் நத்தைகுத்தி. அப்புறம் கரையோரமாத் தேடிப் பாருங்க, காலி ஓடு கெடக்கும், பெரும்பாலும் உடையாம முழுசா இருக்கும். சின்னவன் ஒண்ணை எடுத்து உள்ள ஊதிப் பார்க்கட்டும். பார்த்துட்டு அங்கேயே வச்சுரணும். இதோட ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தன் ஆப்பிரிக்காவுல இருக்கான், கறுப்பு நிறம், அதே ஓட்டை அலகு. நீ கென்யா போறப்போ பார்த்தா நான் விசாரிச்சேன்னு சொல்லு.

ஆறு மணி வாக்குல பாரு வேடிக்கையை. பகல் முழுக்க வயல்ல மேய்ஞ்ச கொக்கெல்லாம் வரிசை வரிசையா உள்ள வரும். அதே நேரத்துல, பகல் பூரா மரத்துக்குள்ள தோளைக் குறுக்கித் தூங்கின வக்கா ஒண்ணொண்ணா "குவாக்"னு சொல்லிக்கிட்டு வெளிய கிளம்பும். அப்பா மில்லுக்குப் போன காலத்துல சங்கு ஊதினதும் ஷிப்ட் மாறுமே, கேட்டுல ஒரு கூட்டம் உள்ள, ஒரு கூட்டம் வெளிய, அதேதான். அப்படியே மேல ஒரு பார்வை வை. ஐரோப்பாவோட கிழக்கு ஓரத்துலேர்ந்தும் மத்திய ஆசியாவுலேர்ந்தும் குளிருக்கு நம்ம சோளக்காட்டுக்கு வர்ற சூறைக்குருவிக் கூட்டம், அதிர்ஷ்டம் இருந்தா, புகை மாதிரி சுருண்டு விரிஞ்சு போகும். போனை எடுக்காத, வீடியோவுல அது கொசுக்கூட்டம் மாதிரிதான் வரும்.

பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு நோட்டு குடு. நேரம், இடம், பறவை, எத்தனை. பேரு தெரியலன்னா "சிவப்பு மூக்கு, கோழி சைஸ், வாலை ஆட்டுது"ன்னு எழுதட்டும், பேரு அப்புறம் வரும். குரலை வச்சுப் பேரு சொல்ற மெர்லின் ஆப்பை முன்னாடியே இறக்கி வச்சுக்க, அது சொல்றதை அப்படியே நம்பிடாம கண்ணாலயும் பார்த்துக்க. பொங்கல் நாள்ல தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கு எடுக்கிறாங்க. குறைஞ்சது 15 நிமிஷம் ஒரு இடத்துல நின்னு பார்த்ததை எண்ணி ஈபேர்டு தளத்துல போட்டா உன் பிள்ளைங்க கணக்கும் சேர்ந்துரும். காக்காவையும் எண்ணணும். பெரியவ "காக்காவுமா பெரியம்மா?"ன்னு கேட்பா. காக்காவும்தான்.

ராத்திரி

கூடாரம் போட்டே ஆகணும்னு சின்னவன் அழுதா, என் மாமியார் வீட்டு மொட்டை மாடியில போட்டுக்கட்டும். கம்மாய்க்குள்ளயோ மலையடியிலயோ போடக்கூடாது. வனத்துறை எல்லைக்குள்ள அனுமதி இல்லாமத் தங்குறது குற்றம். அதைவிடப் பெரிய காரணம் நம்ம பக்கத்துலேயே நடந்திருக்கு. 2018 மார்ச் 11, போடிக்கு மேல குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில மாட்டி 20 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதுக்கப்புறம்தான் ஒழுங்கெல்லாம் இறுகுச்சு. 2024-ல் அரசே 40 மலையேற்றத் தடங்களைத் திறந்து, முன்பதிவு, வழிகாட்டியோட கூட்டிப் போகுது. பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரைக்கும் தீக்காலம்னு தடத்தை மூடிருவாங்க. காட்டுக்குள்ளதான் போகணும்னா அந்த வழியிலதான் போகணும். தெரிஞ்சவர் கூட்டிட்டுப் போறேன்னார்னு எவன் பின்னாடியும் போயிடாத.

மாடியிலயும் நிறைய இருக்குடி. எட்டு மணிக்கு மேல லைட்டையெல்லாம் அணைச்சுரு. கொசுவலை கட்டிக்க. டார்ச்சு முகத்துல சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் போட்டுக் கட்டு, அந்த வெளிச்சம் ராத்திரிப் பிராணிகளை அவ்வளவா உறுத்தாது, உன் கண்ணும் இருட்டுக்குப் பழகினது பழகினபடி இருக்கும். முதல்ல தவளைக் கச்சேரி. நடுவுல பக்கி கத்தும், கல்லை ஐஸ் மேல உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம். ஆந்தை கத்தினா என் மாமியார் "சாவு வரும்"பாங்க, பிள்ளைங்களை நம்ப விடாத. அது உழவன் வீட்டுல எலி பிடிக்கிற வேலைக்காரன். தேவாங்கும் இதே பழியைச் சுமந்துச்சு, மாந்திரீகம், மருந்துன்னு சொல்லிப் பிடிச்சுப் பிடிச்சே குறைச்சுட்டாங்க. 2022 அக்டோபர்ல திண்டுக்கல், கரூர் மாவட்டத்துல கடவூர்ப் பக்கம் 11,806 ஹெக்டேரைத் தேவாங்குக்குன்னே சரணாலயமா ஆக்கியிருக்காங்க, இந்தியாவுலேயே அதுக்கு முதல் சரணாலயம். ரெண்டு கையளவு உருவத்துக்கு அவ்வளவு இடம்!

ராத்திரி கீழ இறங்கறதா இருந்தா டார்ச்சு இல்லாம ஒரு அடி வைக்காத. கண்ணாடிவிரியன் வழியிலயே படுத்திருக்கும், நகராது, நீதான் பார்த்து நடக்கணும். குச்சியால தரையைத் தட்டிக்கிட்டே போ. கடிச்சுருச்சுன்னா வெட்டக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாம வச்சு 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும், மருந்து அங்கதான். மந்திரிக்கிற ஆளு பக்கத்துத் தெருவுலதான் இருக்கார்னு யாராவது சொல்வாங்க, கேட்டுக்கிட்டே ஆம்புலன்ஸ்ல ஏறு.

உன் வீட்டுக்காரர் இதெல்லாம் பத்தாது, பெரிய மிருகம் வேணும்னு சொன்னா அடுத்த தடவை தெற்க போவோம். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் வந்தது, 1,016 சதுர கிலோமீட்டர், நம்ம வைகை அந்த மலையிலதான் பிறக்குது. மசாய் மாராவுல மூணுல ரெண்டு பங்கு. ஆனா அங்க புலி நம்மளைப் பார்க்கும், நாம புலியைப் பார்க்க மாட்டோம். சாம்பல் அணிலைப் பார்த்துட்டு வரலாம், பூனை அளவுக்கு இருக்கும் அது.

டிக்கெட் போட்டதும் சொல்லு. அன்னைக்கு விடியக்காலம் நாலே முக்காலுக்கு மாட்டுத்தாவணியில, பருத்திப்பால் வண்டிக்குப் பக்கத்துல நிக்கிறேன். பிள்ளைங்களுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்க, மார்கழி தை பனி மண்டையைப் பிளக்கும். பெரியவளுக்குத் தனியா பைனாகுலர் வேண்டாம், என்னோடதைக் குடுக்கிறேன். சின்னவனுக்குப் போன தீபாவளிக்கு எடுத்த அந்த ஜிகினா வச்ச சிவப்புச் சட்டை ரொம்பப் பிடிக்கும்னு தெரியும். அதைப் பையிலேயே வைக்காத, கண்டா போட்டுக்குவான்.